பந்தயம் விட்டு வந்த குதிரைக்கு நிற்கக் கற்பியுங்கள்





நம் ஊர்களில் பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பிக்க வேண்டும் என்னும் ஆர்வம் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். கைப்பேசியில் தலை கவிழ்ந்து கிடக்கும் பிள்ளை ஓர் உயிருள்ள பிராணியின் முதுகில் நிமிர்ந்து உட்கார்வதை எந்தத் தகப்பன் விரும்பமாட்டான்? ஆனால் இந்த ஆர்வத்தோடு கூடவே ஒரு கேள்வியும் என்னிடம் வரத் தொடங்கியிருக்கிறது. "ஹஜரத், பந்தயத்திலிருந்து கழித்த குதிரை ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நல்ல சாதிக் குதிரை, ஏற்கெனவே பழக்கப்பட்டது. வாங்கிப் பிள்ளைகளுக்கு விடலாமா?"

வாங்கலாம் என்பதே என் கருத்து. ஆயினும் "ஏற்கெனவே பழக்கப்பட்டது" என்ற அந்த ஒரு சொல்லைக் கழற்றி வைத்துவிட்டு வாங்க வேண்டும். அந்தக் குதிரை பழக்கப்பட்டது உண்மையே. அது பழகிய வேலை வேறு, நீங்கள் அதனிடம் எதிர்பார்க்கும் வேலை வேறு. இடையிலுள்ள தூரத்தைக் கடக்க ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும். அந்தக் காலத்தையும் அதற்குரிய செலவையும் கொடுக்க இயலாதவர், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் குதிரையை வாங்கக் கூடாது. இதைச் சற்று விரித்து எழுதவே முனைகிறேன்.

அதற்கு முன் ஓர் ஆட்சேபத்தைத் தீர்த்துவிடுவோம். "பந்தய மைதானம் சூதாட்டம் நடக்கும் இடம். அங்கிருந்து வரும் குதிரையோடு நமக்கு என்ன தொடர்பு?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். பார்வையாளர்கள் பணம் கட்டி ஆடும் பந்தயம் சூதாட்டமே, அது ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது நாட்டுச் சட்டத்தின் பார்வை. நம் மார்க்கச் சட்டத்தின் அளவுகோல் அதுவன்று. ஆனால் குதிரைகளை ஓடவிட்டுப் போட்டி நடத்துவது தன்னளவில் தடுக்கப்பட்டதன்று. நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் போட்டி நடத்தியிருக்கிறார்கள், அதில் இப்னு உமர் (ரலி) அவர்கள் கலந்துகொண்டார்கள் என்பது புகாரியில் பதிவாகியிருக்கிறது. அந்தச் செய்தியில் நம் பேச்சுக்குப் பொருத்தமான நுட்பம் ஒன்று உண்டு. மெலிவித்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை ஐந்தாறு மைல் தூரம் குறிக்கப்பட்டது. அப்பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ ஸனிய்யத்துல் வதாஃவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ ஒரு மைல் மட்டுமே. நன்றாகத் தீனி கொடுத்துக் கொழுக்க வைத்து, பின் தீனியைக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கச் செய்து தசையை இறுக்குவதே அன்றைய அரபியரின் அந்தப் பயிற்சி முறை. எதற்குப் பழக்கினோமோ அதை மட்டுமே குதிரையிடம் கேட்க வேண்டும் என்ற நியாயம் இங்கே செயலில் இருப்பதாக நான் புரிந்துகொள்கிறேன்.

சூதாடியவன் மனிதன். குதிரை ஒரு காசும் கட்டவில்லை. அதன்மீது அந்தக் குற்றத்தின் நிழலைக்கூட நாம் விழச் செய்யலாகாது. இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். இன்று உலகெங்கும் பந்தயங்களில் ஓடும் தாரோபிரெட் இனக் குதிரைகள் யாவும் தந்தைவழியில் மூன்று ஆண் குதிரைகளிடம் போய் முடிகின்றன. மூன்றும் கீழைநாடுகளிலிருந்து இங்கிலாந்து சென்றவை. அவற்றுள் டார்லி அரேபியன் என்பது 1704இல் சிரியாவின் ஹலப் நகரிலிருந்து கப்பலேறிய அரபிக் குதிரை.

இனி அந்தக் குதிரை என்ன கற்றிருக்கிறது என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பந்தயக் குதிரையின் முதுகில் ஒன்றரை வயது வாக்கிலேயே சேணம் ஏறிவிடுகிறது. இரண்டு வயதில் பந்தயத்துக்கு வந்துவிடும். அதன் முதுகெலும்புகளின் வளர்ச்சி முழுமை பெறுவதற்கோ ஐந்து வயதைத் தாண்ட வேண்டும். நாளின் பெரும்பகுதி, இருபத்திரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், லாயத்தின் ஓர் அறைக்குள் நிற்கும். விடியலில் மற்றக் குதிரைகளோடு வரிசையாக வெளியே வந்து ஓடிவிட்டு மீண்டும் அறைக்குள் போகும். தனியாக எங்கும் போனதில்லை. அதன் மீது ஏறும் ஜாக்கி அங்கவடியைக் குட்டையாகக் கட்டிக்கொண்டு, முதுகில் உட்காராமல், பிடரிக்கு மேலே குனிந்து நிற்பார். ஆகவே சேணத்தில் ஒரு மனிதன் முழு எடையோடு அமர்ந்து, இரு கால்களையும் விலாவின் இருபுறமும் தொங்கவிட்டு அணைத்துக்கொள்வது அதற்கு முற்றிலும் புதிய அனுபவம். காலால் விலாவைத் தொட்டால் முன்னே நட என்று பொருள் என்பது சவாரிக் குதிரைக்குத் தெரியும். இதற்குத் தெரியாது. எவரோ தன்னைப் பிடித்துக்கொண்டதாக நினைத்து அது மிரளும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கடிவாளத்தின் பொருள். நாம் வாரை இழுத்தால் குதிரை நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஓடுகளத்தில் ஜாக்கி வாரைக் குறுக்கிப் பிடிக்கும்போது குதிரை வாயிலுள்ள இரும்பின் மேல் சாய்ந்துகொண்டு வேகம் எடுக்கக் கற்றிருக்கிறது. வேலை முடிந்ததும் வார் தளர்த்தப்படும், அப்போதுதான் அது வேகம் குறைக்கும். இப்போது எண்ணிப் பாருங்கள். உங்கள் பன்னிரண்டு வயது மகன் அதன் மீது ஏறுகிறான். குதிரை சற்று வேகமாக நடக்கிறது. பயந்துபோன பிள்ளை இரு கைகளாலும் வாரை இழுக்கிறான், கால்களால் விலாவை இறுக்குகிறான். அவன் "நில்" என்கிறான், குதிரை "ஓடு" என்று கேட்கிறது. குதிரை கீழ்ப்படிகிறது! கீழே விழுந்த பிள்ளையின் வீட்டார் "வெறிபிடித்த குதிரை" என்று சொல்லி அதை இன்னும் குறைந்த விலைக்கு இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான்கு கை மாறுவதற்குள் அந்தப் பிராணி உண்மையாகவே எவரையும் நம்பாததாக ஆகிவிடுகிறது.

மதரசாவில் பாடம் நடத்துகிறவர்களுக்கு இந்த நிலை நன்கு தெரிந்ததே. எழுத்தே அறியாத பிள்ளைக்கு 'ளாத்' எழுத்தின் உச்சரிப்பைக் கற்பிப்பது கடினம்தான். வேறொரு விதமாக நான்கு ஆண்டுகள் ஓதிப் பழகிவிட்ட பிள்ளையின் நாவைத் திருப்புவது அதனினும் கடினம். அந்தப் பிள்ளையை அடிப்பதால் பயனில்லை, ஏனெனில் அவன் சரியாக ஓதுவதாகவே நம்பிக்கொண்டிருக்கிறான்.

குதிரையை வாங்கிவிட்டுப் பேணும் அறிவை வாங்காமல் விடுவது நம் கடற்கரைக்குப் பழைய கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டுக்கு ஹுர்முஸிலிருந்தும் கீஷ் தீவிலிருந்தும் ஏதனிலிருந்தும் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து காயல் துறையில் இறங்கின. அந்த வாணிபத்தை நடத்தியவர்கள் முஸ்லிம் வணிகர்கள். கீஷின் அதிபரான ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைத் தன் பங்காக அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் என்றும், வழியில் இறந்துபோன குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்கிறார். இராவுத்தர் என்ற பெயரோடு குதிரையின் நினைவு ஒட்டிக்கொண்டிருப்பது உங்களில் பலருக்கும் தெரியும். அதே காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இன்னொரு பக்கத்தைச் சொல்கிறார். மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவாராம். ஆண்டு முடியும்போது நூறுகூட உயிரோடு இராதாம். காரணம், குதிரையைப் பேணத் தெரிந்தவர்களோ மருத்துவம் அறிந்தவர்களோ இங்கே இல்லை. அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவர் எழுதுகிறார். குதிரைகள் சாகச்சாகத்தானே விற்பனை நடக்கும்! பயணியின் எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் சோறும் இறைச்சியும் கலந்து குதிரைக்கு ஊட்டினார்கள் என்று அவர் சொல்வதைப் படிக்கும்போது, இன்று பிரியாணி மீந்த சோற்றைக் குதிரைக்கு வைக்கும் அன்பர்கள் என் நினைவுக்கு வராமலில்லை.

வணிகர்கள் அந்த அறிவைப் பதுக்கிய அதே உலகில்தான் அது நூலாகவும் வளர்ந்திருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆட்சியில் குதிரை லாயங்களோடு தொடர்புடையவராயிருந்த இப்னு அகீ ஹிஸாம் எழுதிய நூலின் பெயரே குதிரையேற்றத்தையும் கால்நடை மருத்துவத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஏறத் தெரிந்தவனுக்கு அதன் நோயும் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். நம்மிடம் இன்று இவ்விரண்டும் பிரிந்து கிடக்கின்றன.

சரி, எப்படித் தொடங்குவது?

என் மாணவன் ஒருவனின் தந்தை ஊருக்கு வெளியே தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவர் ஆறு வயதுச் செம்பழுப்புக் குதிரை ஒன்றை வாங்கினார், காயடிக்கப்பட்ட ஆண் குதிரை. பந்தய லாயத்தில் பல்லாண்டு வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரையும் கூடவே அழைத்து வந்தார். விவேகமான முதல் முடிவு இதுதான் என்பேன். குதிரைக்குக் கொடுத்த விலையைவிட அந்தப் பெரியவருக்குக் கொடுத்த ஊதியமே அவருக்கு அதிகப் பயன் தந்தது. முதல் மூன்று மாதங்கள் எவரும் அதன் மீது ஏறவில்லை. நான் அங்கே போயிருந்த ஒரு மாலையில் தோப்புக்காரர் பொறுமையிழந்து, "எப்பத்தான் ஏறுறது காக்கா?" என்று கேட்டார். பெரியவர் குதிரையின் கழுத்தைத் தடவியபடி சொன்னார்: "இதுக்கு ஓடத் தெரியும் தம்பி. நிக்கத்தான் தெரியாது. நில்லுன்னு இதுகிட்ட இதுவரைக்கும் யாரும் சொன்னதே இல்ல."

அந்த மூன்று மாதத்தில் நடந்தது என்னவென்றால், முதலில் மருத்துவப் பரிசோதனை. பந்தயத்தை விட்டு வரும் குதிரையில் முன்னங்கால் தசைநாண்களையும் முழங்காலையும் கணுக்காலையும் முதுகையும் பற்களையும் கட்டாயம் பார்க்க வேண்டும். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருக்கிறது. குதிரையின் வயிறு தின்னாத நேரத்திலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும், மெல்லும்போது ஊறும் எச்சில்தான் அதைத் தணிக்கும். தானியத்தை மிகுதியாகவும் புல்லைக் குறைவாகவும் கொடுத்து, நெடுநேரம் வெறும் வயிற்றோடு நிற்கவைத்தால் புண் வராமல் என்ன செய்யும்? சேணத்தின் வாரை இறுக்கும்போது கடிக்க வரும் குதிரையைக் "குணம் கெட்டது" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் அது வயிறு எரிகிறது என்று சொல்கிறது.

ஆகவே தீனியை மாற்ற வேண்டும். ஒரே நாளில் மாற்றிவிடக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றுவலி வந்தால் அது உயிரையே பறிக்கக்கூடும். பத்துப் பதினைந்து நாட்களில் சிறுகச் சிறுகத் தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழு முதல் ஒன்பது கிலோ உலர்ந்த புல் தேவை. அதையும் ஒரே வேளையில் கொட்டிவிடாமல் நாள் முழுவதும் பரவலாக வைக்க வேண்டும். இங்கே நம் ஊருக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. மாட்டுக்கு வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கையருகே இருக்கிறதென்று அதையே குதிரைக்கும் முழுத் தீனியாகப் போடுகிறார்கள். அந்தப் புல்லிலுள்ள ஆக்ஸலேட் என்னும் பொருள் குதிரையின் உடலில் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. அதனோடு தவிட்டையும் நிறையச் சேர்த்தால் கேடு இரட்டிப்பாகும். எலும்பு வலுவிழக்கும், முகத்தெலும்பு வீங்கும். மாடு தாங்குவதைக் குதிரை தாங்காது. உலர்த்திய அறுகம்புல் சிறந்தது. கொள்ளைப் பொறுத்தவரை, கடும் உழைப்பு இல்லாத குதிரைக்கு அது மிகக் குறைவாகவே போதும். பந்தய நாளின் தீனியைத் தின்றுகொண்டு வேலையின்றி நிற்கும் குதிரை துள்ளாமல் வேறென்ன செய்யும்?

அடுத்து, திறந்த வெளி. வந்த அன்றே தோப்பில் அவிழ்த்துவிட்டால், நான்கு ஆண்டுகளாக அறைக்குள் நின்ற குதிரை கண்மண் தெரியாமல் ஓடிக் காலை முறித்துக்கொள்ளும். சிறிய அடைப்பு, ஓர் அமைதியான துணை, பகலில் சிறிது நேரம் என்று தொடங்க வேண்டும். துணைக்கு இன்னொரு குதிரை இல்லையேல் வெள்ளாடோ கழுதையோ போதும். தோப்பில் ஒரு கிழட்டு ஆடு அந்தப் பணியைச் செம்மையாகச் செய்தது. இந்தக் காலத்தில் குதிரை அழகிழந்து போகும், இதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பந்தயத்துக்காக ஏற்றிய தசை கரையும், முதுகு எலும்பு தெரியும், பளபளப்பு மங்கும். லேசான அலுமினிய லாடம் கழற்றப்பட்ட குளம்பு ஓரங்களில் உதிரும். பார்க்க வரும் உறவினர்கள் "ஏமாந்துவிட்டாயே" என்பார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பயிற்சி தரையில் தொடங்குகிறது. தலைக்கயிற்றைப் பிடித்து நடப்பவர் நின்றால் நிற்க வேண்டும், நடந்தால் நடக்க வேண்டும், அவரை இடிக்கக் கூடாது. இவ்வளவுதான் முதல் பாடம். கேட்க எளிது. அந்தக் குதிரை இதைக் கற்க மூன்று வாரம் ஆயிற்று. பெரியவர் அதைக் கட்டிவைத்து அடக்கவில்லை. நின்ற அந்த ஒரு நொடியில் கயிற்றைத் தளர்த்துவார், நெற்றியைத் தடவுவார், பேசுவார். அடுத்த நாள் இரண்டு நொடி. பின் ஏறுமேடைக்கு அருகில் அசையாமல் நிற்பது. ஓடுகளத்தில் ஜாக்கியைப் பிறர் தூக்கிவிடுவார்கள், பெரும்பாலும் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே. ஆதலால் மேடை மீது ஒருவர் ஏறித் தன் முதுகுக்கு மேலே உயர்ந்து நிற்பதே அதற்கு அச்சம். அந்த அச்சம் தீரும்வரை எவரும் ஏறாமல் மேடையில் வெறுமனே நின்றுவிட்டு இறங்கினார்கள். நீண்ட கயிற்றில் வட்டமாக நடத்தியபோது ஒரு பக்கம் எளிதாகத் திரும்பிய குதிரை மறுபக்கம் மரக்கட்டையாக விறைத்தது. ஒரே திசையில் ஓடிப் பழகிய உடல் அப்படித்தான் இருக்கும். இருபுறமும் சமமாக வளைய மாதங்கள் பிடிக்கும்.

ஏறிய பிறகும் நடைதான், நாள்தோறும் நடை. ஏறியவர் ஆழ உட்கார்ந்து மூச்சை விட்டு உடலைத் தளர்த்தினால் நிற்க வேண்டும், காலால் மெல்ல அணைத்தால் நகர வேண்டும் என்ற புதிய மொழியை நடையில் கற்பித்துவிட்டுத்தான் அடுத்த வேகத்துக்குப் போக வேண்டும். வேகம் கூடினால் இரு வாரையும் இழுக்காமல் ஒரு பக்க வாரால் மெல்ல வட்டத்துக்குள் திருப்புவார் பெரியவர். வட்டம் சிறுத்தால் வேகம் தானே குறையும். பாய்ச்சல் கடைசியில். அகன்ற வெளியில் வேறொரு குதிரையோடு பக்கம் பக்கமாக ஓடுவது அதற்கும் பின். பக்கத்தில் இன்னொரு குதிரை வேகம் எடுத்தால், அது எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும், அந்த உள்ளம் பழைய களத்துக்குப் போய்விடக்கூடும்.

இந்தக் குதிரைகளுக்கே உரிய நல்ல குணங்களையும் சொல்லியாக வேண்டும். வாகனத்தில் ஏறும், குளிப்பாட்டினால் நிற்கும், லாடம் அடிக்கக் காலைக் கொடுக்கும், பல கைகள் தொட்டுப் பழகியிருக்கும். கூர்மையான அறிவு. ஒருமுறை புரிந்துகொண்டதை விடாது. நாட்டுக் குதிரையிடம் ஒரு மாதம் போராடிக் கற்பிப்பதை இது சில நாட்களில் பிடித்துக்கொள்வதும் உண்டு. தவறாகக் கற்பித்தாலும் அதே வேகத்தில் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் சங்கடம்.

"நாலு அடி கொடுத்தால் ஒரு வாரத்தில் வழிக்கு வரும்" என்று சொல்பவர்களும் உண்டு. நம் வீட்டுத் திண்ணைகளில் இந்த வகை அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. முரண்டு பிடித்த ஒட்டகத்தின் மீதேறி அதை முன்னும் பின்னுமாக விரட்டிக்கொண்டிருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் மென்மையைக் கடைப்பிடிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி முஸ்லிமில் இருக்கிறது. மென்மையைப் பற்றிய அந்தப் போதனையைக் குடும்ப வாழ்வுக்கும் அழைப்புப் பணிக்கும் மேற்கோள் காட்டுகிறோம். அது ஒரு பிராணியைப் பழக்கும்போது கூறப்பட்டது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். சாட்டை ஓடுகளத்தில் "இன்னும் வேகம்" என்றே பொருள்பட்டது. நிற்கக் கற்பிக்க அதைக் கையில் எடுப்பது எப்படிப் பொருந்தும்?

திருமண ஊர்வலங்களைப் பற்றியும் கூறிவிடுகிறேன், சிலருக்கு வருத்தம் வந்தாலும் பரவாயில்லை. தாளமும் வெடியும் விளக்கும் சூழ, குதிரை ஏறி அறியாத மாப்பிள்ளையை அண்மையில் பந்தயம் விட்ட குதிரையின் மீது ஏற்றித் தெருவில் அழைத்து வருவது மாப்பிள்ளைக்கும் ஆபத்து, கூட்டத்திலுள்ள பிள்ளைகளுக்கும் ஆபத்து, குதிரைக்கோ வேதனை. அதற்குக் கூட்டத்தின் இரைச்சல் புதிதன்று. அந்த இரைச்சலை அடுத்து ஓட வேண்டியிருந்ததே அது அறிந்த வாழ்க்கை. இந்த வழக்கத்தை ஜமாஅத்துகள் நிறுத்தினால் நல்லது.

இறுதியாகப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழும் பிராணி. அதன் பந்தய வாழ்க்கையோ பெரும்பாலும் ஏழெட்டு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. மீதி இருபது ஆண்டுகளுக்கு யார் புல் போடுவது? பிரிட்டனில் பந்தயத் துறையே 2000ஆம் ஆண்டில் இதற்கென ஓர் அறக்கட்டளையை நிறுவி, ஓய்வுபெற்ற குதிரைகளுக்கு மறுபயிற்சி அளித்து வீடு தேடித் தருகிறது. அமெரிக்காவில் 2012இல் உருவான தாரோபிரெட் பின்பராமரிப்புக் கூட்டமைப்பு, இப்பணியைச் செய்யும் காப்பகங்களை ஆய்வு செய்து சான்றளித்து நிதியும் வழங்குகிறது. அதன் வேகத்தால் பொருளீட்டியவர்களே அதன் முதுமைக்கும் செலவிட வேண்டும் என்பது அவர்கள் வந்து சேர்ந்த முடிவு. சூதை ஏற்காத நாம்கூட அந்த நியாயத்தை ஏற்கலாம். நம் மாநிலத்தில் 2024ஆம் ஆண்டில் உதகைப் பந்தய மைதானத்தை அரசு மீட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி மைதானத்தின் 160 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தின் குத்தகையும் ரத்து செய்யப்பட்டது. அந்நிலத்தில் பூங்கா வேண்டுமா குளம் வேண்டுமா என்று நாளிதழ்கள் நிறைய எழுதின. சூதாட்டம் ஒழிந்தது என்று நம்மில் பலர் மகிழ்ந்தோம், நானும்தான். லாயத்தில் நின்ற குதிரைகள் எங்கே போகும் என்று நம் மேடைகளில் எவரும் பேசி நான் கேட்கவில்லை. ஒரு தவறான தொழில் முடிவுக்கு வரும்போது அதில் சிக்கியிருந்த வாயில்லாப் பிராணிகளின் உணவுக்கு வழி சொல்வதும் நம் பேச்சில் இடம்பெற வேண்டும்.

வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தவர்களுக்கு நடைமுறைக்கான சில சொற்கள். விற்பவர் குதிரையை ஓட்டிக் காட்டுவார், அது நன்றாகவே ஓடும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நடத்திக் காட்டச் சொல்லுங்கள், பின் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். காலையில் வேலை தொடங்கும் முன்பே போய் நின்று, அறையில் அது மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்குகிறதா, இடமும் வலமும் ஓயாமல் அசைகிறதா என்று பாருங்கள். உங்கள் மருத்துவரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள், விற்பவரின் மருத்துவர் வேண்டாம். எதற்காகப் பந்தயத்திலிருந்து நீக்கப்பட்டது என்று கேளுங்கள். வேகம் போதவில்லை என்றால் நல்லது. கால் அடிபட்டது என்றால் எந்தக் கால், எப்போது, எத்தனை மாதம் ஓய்வு என்று கேளுங்கள். குதிரையின் விலைக்கு வைத்திருக்கும் தொகையளவுக்கு முதலாண்டுத் தீனிக்கும் மருத்துவத்துக்கும் பழக்குபவரின் ஊதியத்துக்கும் தனியே எடுத்து வைத்திருக்கிறோமா என்று வீட்டில் கலந்து பேசுங்கள். பிள்ளைகள் ஏறிப் பழக, வயது முதிர்ந்த அமைதியான சவாரிக் குதிரை ஒன்று வேறாக இருக்கட்டும்.

தென்னந்தோப்புக் குதிரைக்கு இப்போது பதினோராவது மாதம். வயிறு தேறிவிட்டது, முதுகில் புதிய தசை பிடித்திருக்கிறது. பெரியவர் ஏறினால் வார் தளர்ந்திருக்கத் தோப்பைச் சுற்றி நடக்கிறது, மேடையருகே வந்தால் தானாக நிற்கிறது. என் மாணவன் அதற்குத் தண்ணீர் காட்டுகிறான், குளம்பு துடைக்கிறான், தலைக்கயிற்றைப் பிடித்து நடத்துகிறான். அவனை இன்னும் அதன் மீது ஏற்றவில்லை. ரமளான் கழிந்து பார்க்கலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.